ஒரு ராத்திரி வெளியே படுத்தவர்கள்

பல்லாரட்டில் ஜூன் என்றால் நடுக் குளிர்காலம்; குளிர் எலும்புவரை இறங்கும். கால்பந்து மைதானத்தில் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், காற்று புகாத ஒரு மூலையில், நோரீனும் கிளெமும் இரண்டு குளிர்காலமாகப் படுத்துவந்தார்கள். கணவன் மனைவி இல்லை. குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டதால் தெருவுக்கு வந்தவள் அவள். ஆட்டுரோமம் கத்தரித்துக் கத்தரித்து முதுகு போன கிழவர் அவர்.

அன்று மாலை மைதானக் காவலாளி செமிசி தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு மட்டும் வேற இடம் பாத்துக்கணும்."

"ஏன், மேட்ச்சா?"

"இல்லக்கா. ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் ஒரு ராத்திரி வீடில்லாதவங்க மாதிரி இங்க அட்டைய விரிச்சுப் படுக்கப் போறாங்க. அப்படிப் படுத்து வீடில்லாதவங்களுக்கு நிதி திரட்டுறாங்களாம்."

கிளெமுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"எங்களுக்காகவாடா? அப்ப அவங்க கட்டில் காலியாத்தானே கிடக்கும்? நாங்க போய்ப் படுத்துக்கவா?"

"நான் என்ன பெரியவரே செய்யட்டும்? வெளியாளுங்க யாரும் இருக்கக் கூடாதுன்னுட்டாங்க."

ஓடைப் பாலத்தடிக்குப் போனார்கள். மழை சாய்ந்து அடித்தது. நோரீன் தன் போர்வையையும் அவர்மேல் போட்டாள்.

"கிழவா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"போன தடவை மாதிரி மாத்திரையக் குடுத்துத் துரத்துவான். பேசாம தூங்கு."

விடிந்தபோது இருமல் சத்தம் இல்லை. தொட்டுப் பார்த்தாள். மைதானத்துக்கு ஓடினாள்.

அங்கே பன்றி இறைச்சி வறுபட்டுக்கொண்டிருந்தது. மூக்கு சிவந்த மனிதர்கள் காப்பிக் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோரீனின் நனைந்த கோலத்தைப் பார்த்து ஒரு பெண்மணி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நேத்து ராத்திரிதாங்க புரிஞ்சுது, நீங்கள்லாம் என்ன பாடுபடுறீங்கன்னு. பொட்டுத் தூக்கம் இல்ல."

"ஒரு போன் பண்ணணும், மேடம். பாலத்தடியில ஒருத்தர் அசையாம கிடக்கிறாரு."

அந்தப் பெண்மணி கெட்டவள் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வெறும் காலுறையோடு கூடவே ஓடி வந்தாள். சேற்றில் மண்டியிட்டு, மூச்சிரைக்கக் கிளெமின் நெஞ்சை அழுத்தினாள். ஆம்புலன்சில் வந்தவர்கள் மெல்ல அவளை விலக்கினார்கள்.

"இவர் உங்களுக்கு யாரு?" என்று நோரீனைக் கேட்டார்கள்.

"பக்கத்துல படுக்கிறவரு."

சொந்தம் இல்லை என்றதும் அவளை வண்டியில் ஏற்றவில்லை.

"இந்த மழையில ஏங்க இங்க வந்து படுத்தீங்க?" என்றாள் பெண்மணி.

நோரீன் சொன்னாள். பெண்மணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்க அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் நோரீன்தான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதீங்க மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நோரீனுக்குக் கண்ணீர் வரவில்லை. பெண்மணியின் கணவர் வந்து அழைத்துப்போனபின், கிளெமின் பையையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பினாள். மாடத்தடியைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை இன்றைக்குக் காயாது.