திம்மப்பன் பெயரில் ஒரு படம்

பெங்களூர் ஆஸ்பத்திரியில் "திம்மப்பா" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவைதான் எல்லப்பனுக்கு உறைத்தது, இன்று ஒரு நாளைக்கு அந்தப் பெயர் தன்னுடையது என்று. அடித்துப் பிடித்து எழுந்தான். காது கேட்காதா என்று நர்ஸ் கன்னடத்தில் கடிந்துகொண்டாள். அசடு வழியச் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அசல் திம்மப்பன், அவனுடைய அக்கா சாந்தம்மாவின் புருஷன், அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். நெஞ்சு வலிக்காரன் வெளியே, வலியே இல்லாதவன் உள்ளே. இப்படியொரு கூத்தை இவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யார் யோசித்திருப்பார்கள்!

ஓசூரில் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் பதினாலு வருஷமாக உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் திம்மப்பன். சூளகிரியில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த மச்சானைக் கையோடு கூட்டிப்போய் அங்கே சேர்த்துவிட்டவனும் அவன்தான். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கோடையில் அவனுக்கு வலி ஆரம்பித்தது. படி ஏறினால் இடது நெஞ்சில் பிடிக்கும், தாடை வரைக்கும் இழுக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். கம்பெனி டாக்டர் பரமசிவம் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். சந்தேகமாக இருக்கிறது என்று இதயத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, பெங்களூரில் தாலியம் ஸ்கேன் எடுத்து வரச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார். இதயத்தில் எந்த இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும், தெரிந்தால் ஆஞ்சியோகிராம் செய்து, ஆபரேஷனா மாத்திரையே போதுமா என்று முடிவு பண்ணலாம், ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். திம்மப்பன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். ரிப்போர்ட் கம்பெனிக்கும் போகும்.

அவனுக்கு முன்னால் உலைப் பகுதியிலிருந்து இரண்டு பேரை 'அன்ஃபிட்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவன் மாதப்பன். குருபரப்பள்ளியில் ரோட்டோரம் சாக்கை விரித்து மாங்காய் விற்றுக்கொண்டிருந்தான். கம்பெனி பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திம்மப்பனுக்கு அந்த முகம் தூக்கத்திலும் வந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பஸ் தாமதமானாலும் கழனியில் தண்ணீர் திருப்ப வேண்டியிருந்தாலும், ஒருவன் கார்டை இன்னொருவன் கேட்டில் வருகையைக் குறிக்கும் மிஷினில் அடித்துவிடுவான். மிஷினுக்குக் கார்டுதான் தெரியும், கை யாருடையது என்று தெரியாது. சூப்பர்வைசரே கண்டும் காணாமல் போவார். இந்தப் பழக்கம்தான் புத்தியைக் கெடுத்தது.

"எத்தன வருசம் உன் கார்ட நான் அடிச்சிருக்கேன்," என்றான் திம்மப்பன். "ஒரே ஒரு நாளு என் கார்ட நீ அடி, மச்சான்."

எல்லப்பன் எப்படி மறுப்பான்? சோறு போட்ட மனுஷன் கேட்கிறான். அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். தெரிந்தால் அவள் இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

உள்ளே ஓடுகிற பெல்ட்டின் மேல் அவனை மூச்சு வாங்க நடக்கவிட்டார்கள். கையில் ஊசி மருந்து ஏற்றினார்கள். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். பெரிய கேமரா ஒன்று நெஞ்சைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் அதே படுக்கை. எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டு, படம் நன்றாக வரவேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான். அவன் வேண்டுதல் பலித்தது. அதுதான் வினை.

ரிப்போர்ட்டைப் பார்த்த பரமசிவம் டாக்டருக்கு முகம் மலர்ந்தது. ரத்த ஓட்டம் எல்லாப் பக்கமும் சீராக இருக்கிறது, இது இதய வலியே இல்லை, வயிற்றுப் புளிப்புதான் என்றார். இதய மாத்திரைகளை நிறுத்திவிட்டு, வயிற்றுக்கு வெள்ளை மருந்து எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷன், படத்தை நம்பினார், நம்பாமல் என்ன செய்வார்? அவர் மாத்திரைச் சீட்டைக் குறுக்கே அடித்தபோது எல்லப்பன் மாமனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். வாயைத் திறக்க அரை நிமிஷம் போதும். அவன் திறக்கவில்லை. வெளியே வந்ததும், மாத்திரையை மட்டுமாவது கடையில் வாங்கி ரகசியமாகப் போடலாம் மாமா என்றான். திம்மப்பன் பார்க்கலாம் என்றான்.

ஒரு மாசம் வாங்கிப் போட்டான். அப்புறம் விட்டுவிட்டான். இதைத்தான் எல்லப்பனால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் படத்தை அக்கா சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள். வந்தவர் போனவரிடமெல்லாம் எடுத்துக் காட்டி, இவர் நெஞ்சு இரும்பு என்று பெருமை அடித்தாள். அவள் சொல்லச் சொல்லத் திம்மப்பனே நம்ப ஆரம்பித்தான். தன் பெயர் அச்சடித்த காகிதத்தில் இருப்பது தன் நெஞ்சு இல்லை என்பது அவனுக்கே மறந்துபோனது. வலி வந்தால் வெள்ளை மருந்தைக் குடித்தான், ஏப்பம் வந்தால் சரியாகிவிட்டது என்றான். சரி, அவன்தான் மறந்தான். எல்லப்பனுமா மறக்க வேண்டும்? மறந்தானே, பாவி.

தை மாசம், காலை ஷிஃப்ட். உலைப் பக்கத்திலிருந்து திம்மப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டையெல்லாம் வியர்வை. வாயு பிடிச்சிருக்கு, ஒரு சோடா வாங்கிட்டு வா என்றான். எல்லப்பன் சோடா வாங்க ஓடினான். ஆம்புலன்ஸுக்கு ஓடவில்லை, டாக்டரிடம் ஓடவில்லை, கேட்டைத் தாண்டிப் பெட்டிக்கடைக்கு ஓடினான். அவன் திரும்பி வந்தபோது திம்மப்பன் பெஞ்சிலிருந்து சரிந்து கிடந்தான். சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் சாந்தம்மா படத்தை எடுத்துக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பினாள். டாக்டர்தான் கொன்றார், அவர் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று ஊரே தூபம் போட்டிருந்தது. எல்லப்பன் துணைக்குப் போனான்.

பரமசிவம் டாக்டர் எதிர்த்துப் பேசவில்லை. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதுல ஒரு குறையும் இல்லம்மா," என்றார். "இத நம்பித்தான் மாத்திரைய நிறுத்தினேன். எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல. என்ன மன்னிச்சிருங்க."

அந்த வயதான மனுஷன் கைகூப்பியதைப் பார்க்க எல்லப்பனால் முடியவில்லை.

"அது என் படம் சார்," என்றான். "மாமா பேருல நான் போய்ப் படுத்தேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். முதலிலேயே சொல்லியிருந்தால் ஆஞ்சியோகிராம் பண்ணியிருக்கலாமே, காப்பாற்றியிருக்கலாமே என்று தனக்குத்தானே முனகினார். சாந்தம்மா அழவில்லை. எழுந்து வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரும் வரைக்கும் நடந்தாள். கிருஷ்ணகிரி பஸ் நிற்கும் இடத்தில் நின்று, முதல் முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அவரு உன்னப் போகச் சொன்னாரா, நீயாப் போனியா?"

அவள் கண்ணில் இருந்த பயத்தை எல்லப்பன் பார்த்தான். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவன் தன்னிடம் மறைத்து, தன்னையும் பிள்ளைகளையும் நினைக்காமல், தானே போய்ச் சாவைத் தேடிக்கொண்டானா என்பதுதான் அவள் கேட்பது. அதற்கு ஒரே ஒரு பதில்தான் அவளை வாழவிடும்.

"நானாத்தான் போனேன்க்கா," என்றான். "மாமா வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல."

சாந்தம்மா மூச்சை இழுத்து விட்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அவரு வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு."

பஸ் வந்தது. அவள் ஏறி, பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். படியில் காலை வைத்த எல்லப்பனை உள்ளிருந்தே பார்த்து, நீ அடுத்த பஸ்ஸில் வா, என் வீட்டுப் பக்கம் மட்டும் இனிமேல் வராதே என்றாள். அவன் காலை எடுத்துக்கொண்டான்.