ஸ்னோ ஷூவின் இரும்புப் பல்

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்னோ ஷூவைத் தூக்கி எங்கப்பா மண்டையிலேயே போட்டிருப்பேன். போடவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் விருதுநகரில் ரயில் ஏற வேண்டும். மணாலிக்குப் பக்கத்தில் பனிமலை நடைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டிப் பயிற்சி. கல்லூரி என்.சி.சி.யில் மலை ஏறிய பழக்கத்தில் இடம் கிடைத்தது. முடித்தால் அங்கேயே வேலை. முடிக்காமல் திரும்பினால், நாரணாபுரத்தில் அப்பா போர்மேனாக இருக்கும் பட்டாசு கம்பெனியில் எனக்கும் திரி சொருகும் வேலைதான். ஸ்னோ ஷூ சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், முதல் நாளே சோதிப்போம், சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அதை வாங்கியது லேசுப்பட்ட பாடா? விருதுநகர் பஜாரில் கமாலுதீன் பாய் செருப்புக் கடையில் கேட்டேன். மனுஷன் ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தார்.

“பாய், இது சேத்துக்கு. நான் கேக்கிறது பனிக்கு.”

“மார்கழிப் பனிக்குக் காதுல மப்ளர் கட்டுவாக. கால்லயா கட்டுவாக?”

அவர் மகள் அப்சானா பிரவுசிங் சென்டரில் படம் எடுத்துவந்து காட்டிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. “அட, இது முறம்லம்மா!” என்றார். முறம்தான். பூட்ஸுக்கு அடியில் அகலமாகக் கட்டிக்கொண்டால் கால் பனிக்குள் புதையாது. சரிவில் வழுக்காமல் கவ்விப் பிடிக்க அடியில் இரும்புப் பல் இருக்கும்.

அளவு எடுக்கப் பாதத்தைப் பார்த்தால் போதாது. ஆளும் முதுகுப் பையும் சேர்ந்து எவ்வளவு எடை என்று பார்க்க வேண்டும். டெல்லியிலிருந்து அனுப்பப்போகிற தன் மச்சானுக்கு எடையைச் சொல்ல, பாய் என்னை வத்தல் மண்டித் தராசில் ஏற்றி, முதுகில் ஒரு மல்லி மூட்டையையும் வைத்தார். வத்தல் நெடியில் நான் தும்முகிற தும்மலுக்கு முள் நிற்கவே இல்லை. “தும்மாம நில்லு தாயி, டெல்லிக்காரன் யானைக்கு அனுப்பிறப் போறான்” என்று அவர் கத்த, மண்டியே சிரித்தது. அந்த மச்சான், சின்னப் பல் போதும் என்றார். சமதரைக்குத்தான் அது, நான் சரிவில் ஏற வேண்டும் என்று போனில் சண்டை போட்டு, பெரிய பல் வைத்ததையே வரவழைத்தேன்.

அத்தனையும் செய்து வாங்கியதை, ரயிலுக்கு முதல் நாள் மத்தியானம் பையில் வைக்க எடுக்கிறேன், அடியில் ஒரு பல்கூட இல்லை. பல் இருந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி வழவழவென்று ஒட்டியிருந்தது.

“யாரு பாத்த வேலை இது?”

அம்மா மாடத்தி சுவரைப் பார்த்தாள். அப்பா முனியராஜ் முகமெல்லாம் பெருமையாக வந்து நின்றார். “நாந்தான். ஒரு பொட்டு இரும்பு கெடையாது இப்ப. தைரியமாப் போட்டுட்டு நட.”

கம்பெனி வாசலில் தினமும் அவர் செய்கிற வேலை அது. செருப்பை வெளியே விடச்சொல்லி, கொண்டை ஊசி, சட்டைப் பின் வரைக்கும் தடவிப் பார்த்துப் பிடுங்கிவிடுவார். இரும்பு உரசினால் பொறி, பொறி பட்டால் மருந்து வெடிக்கும். எவனோ ஒருத்தன் ஆணி அடித்த செருப்போடு உள்ளே வந்துதான், அப்போது அங்கே வேலை பார்த்த அம்மாவின் வலது கால் வெந்தது. இன்றைக்கும் அவள் அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். அது எனக்குத் தெரியாதா? அதற்காக இமயமலைக்குமா கம்பெனிச் சட்டம்?

“பல்லு எங்க?”

“கெணத்துல போட்டுட்டேன்.”

வாசலில் பிடுங்குகிற இரும்பைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. கம்பெனிக்குப் பின்னாலிருக்கும் பாழுங்கிணற்றில் எறிந்துவிடுவார். மகள் சாமானுக்கும் அதே கிணறு.

“யப்பா, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அங்கன மருந்தா கெடக்கு? பனி! வெறும் தண்ணி! இங்கன இரும்பு இருந்தாச் சாவு, அங்கன இரும்பு இல்லாட்டித்தான் சாவு. இந்த ரப்பரோட சரிவுல நின்னேன்னா பொணமாத்தான் கீழ வருவேன்!”

“ஏட்டி, அச்சாணியமாப் பேசாத. உங்கம்மா காலைப் பாத்தவன் நான்.”

“அம்மா காலைப் பாத்துப் பாத்து எங்காலை ஒடிச்சிட்டியே! நீ வேணும்னே செஞ்ச. நான் போகக் கூடாது ஒனக்கு.”

அப்பா ஸ்னோ ஷூ இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். அதையும் கிணற்றில் போடத்தான் போகிறார் என்று அலறிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

அவர் போய் நின்றது வேலுச்சாமியின் லேத் பட்டறை வாசலில். அந்தப் பட்டறை இருக்கிற பக்கமே அவர் நடக்க மாட்டார். பொறி பறக்கும் என்று ரோட்டின் மறு ஓரத்துக்குப் போய்விடுவார். இத்தனை வருஷமாக அப்படித்தான். பட்டறைப் பையன்கூட அதைச் சொல்லிக் கேலி பேசுவான்.

“வேலுச்சாமி, இதுக்குப் பல்லு வேணும். பிள்ளை சொல்லுத அளவுல வெட்டிக் குடு.”

வேலுச்சாமி இரும்புத் தகட்டை எடுத்தார். “பிடிக்க ஆளில்ல அண்ணாச்சி. பையன் சாத்தூர் போயிருக்கான்.”

“நான் பிடிக்கேன்.”

சாணைச் சக்கரம் சுற்றியது. தகடு தொட்டதும் பொறி சீறிக்கொண்டு வந்தது. அப்பா குறட்டால் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை இறுக மூடியிருந்தார். பொறியெல்லாம் அவர் வெறுங்காலில் விழுந்துகொண்டிருந்தது. கம்பெனிக்குப் போய்ப் போய் செருப்புப் போடுகிற பழக்கமே விட்டுப்போன கால் அது.

“யப்பா, காலைத் தள்ளி வையி!”

“இங்கன என்ன மருந்தா கெடக்கு?” என்றார், கண்ணைத் திறக்காமலே. “நீதான சொன்ன.”

எனக்குக் கோபம் இம்மியும் குறையவில்லை.

“அப்பக் கண்ணைத் தொறந்து பிடி! பல்லு கோணலாப் போச்சுன்னா நாந்தான் விழுவேன்!” என்று கத்தினேன்.

அப்பா கண்ணைத் திறந்தார்.