கூடுதல் மெத்தை

ஒன்பது வருடம் கழித்து அண்ணனிடமிருந்து போன் வந்தபோது, அவள் மருந்துக்கடையில் இருமல் மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லீவுக்கு எல்லாரும் கடலோரம் போறோம். நீயும் வா. அப்பா உன்னைப் பாக்கணும்னு சொல்றார்."

தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று தங்கையைத் தலைமுழுகிய அண்ணன். போன வருடம் அவள் கணவன் செத்தபோதுகூட எட்டிப் பார்க்காதவன். ஆனாலும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் வீட்டுக் கதவு மறுபடி திறக்க வேண்டும்; படுக்கப் போகும் முன் தினமும் கடவுளிடம் அவள் கேட்டது இது ஒன்றைத்தான்.

விடுமுறைக் காலத்தில் கடையில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கூட வேலை செய்யும் வாயாடிதான் தன் லீவை விட்டுக்கொடுத்தாள். தன் சக்கரப் பெட்டியையும் கொடுத்தாள்.

"போடி, மகாராணி மாதிரி உக்காந்து சாப்பிட்டுட்டு வா. பெட்டி மட்டும் நாலு சக்கரத்தோட திரும்பி வரணும்."

வேனில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை அவளுக்கு. ஏறி உட்கார்ந்ததுமே அண்ணி ஒரு பையை அவள் மடியில் வைத்தாள். மாத்திரை டப்பா, துடைக்கிற துணி, மாற்று உடுப்பு.

"உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி."

அதையும் உரிமை என்றே அவள் எடுத்துக்கொண்டாள். வேற்றாளிடமா பையைக் கொடுப்பார்கள்? "அப்பா" என்றாள். அவர் அவள் முகத்தையும் ஜன்னலையும் ஒரே மாதிரிப் பார்த்தார்.

"தாத்தாவுக்குப் பேச்சு நின்னு ஒரு வருஷம் ஆச்சே அத்தை. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அண்ணன் மகள்.

அப்பா பார்க்கணும்னு சொல்றார் என்று அண்ணன் போனில் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சாடையாகக் கேட்டிருப்பார் என்று அவளே அதற்கு ஒரு சமாதானம் செய்துகொண்டாள். சமாதானம் செய்து பழகிய மனசு.

விடுதி வரவேற்பில் இருந்தவர் பதிவைப் படித்தார். "குடும்பம் மூணு பேர், பெரியவர் ஒருத்தர், உதவியாள் ஒருத்தர். பெரியவர் ரூம்ல கட்டில் ஒண்ணுதான். உதவியாளுக்குத் தரையில கூடுதல் மெத்தை போட்டுடறோம்." அவள் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதானேம்மா?"

அண்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பேனா நிற்கவில்லை.

"அப்பாவைப் பாத்துக்கற அம்மா திடீர்னு லீவு போட்டுட்டாங்க. பதிவு பழையபடியே இருக்கு. தப்பா எடுத்துக்காதே" என்றாள் அண்ணி.

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் தடவையாகச் சரியாக எடுத்துக்கொண்டாள். கேட்டதைத்தான் கடவுள் கொடுத்திருந்தார். எந்த வாசல் வழியாக என்று அவள் கேட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பயணத்தின் முதல் சாப்பாட்டில் ஒவ்வொருவரும் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அண்ணன் வைத்திருந்த வழக்கம். அவன், குடும்பம் ஒற்றுமையாக இருப்பதற்கு நன்றி சொன்னான். அண்ணி ஆரோக்கியத்துக்கு. மகள், கடல் தெரியும் அறைக்கு. அப்பாவுக்கு மசித்த சோறு ஊட்டிக்கொண்டிருந்த அவள் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள்.

"என் கூட வேலை பாக்கறவளுக்கு நன்றி. தன் லீவை எனக்குக் கொடுத்துட்டு அவ இப்போ கடையில நிக்கறா. அப்புறம், லீவு போட்ட அந்தம்மாவுக்கும். அவங்க போகலேன்னா எனக்கு ஒரு அண்ணன் இருக்கறது அவனுக்கே ஞாபகம் வந்திருக்காது."

"நன்றி கெட்டவளே! கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றான் அண்ணன்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுல போயிடறேன். உனக்குச் சிரமம் வேண்டாம்."

அப்பாவின் வாயைத் துடைத்தாள். பையை எடுத்து அண்ணியின் மடியில் வைத்து, கரண்டியை அவள் கையில் கொடுத்தாள்.

"ரெண்டே நாள்தான் அண்ணி. உங்களுக்கும் அத்துப்படி ஆயிடும்."

அண்ணி கரண்டியைப் பாம்பைப் பிடித்ததுபோல் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தன்னைத் தேடுவார் என்று ஒரு நொடி காத்து நின்றாள் அவள். அவர் கரண்டி இருந்த பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.