அறுபது கிலோ குறைவு

பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்பதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கார் விற்கிறவர்களும் அதையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து நூறுக்குப் பறக்கிற அவசரம் எங்கள் பாகாலா ரோட்டில் யாருக்கு வந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நாற்பதில் போகிற வண்டி, ஆள் நிறைய உட்கார்ந்திருக்கும்போது, எண்பதைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? முன்னால் போகிற டிராக்டரைத் தாண்ட அதுதான் வேண்டும்.

இந்தக் கேள்வி தை மாதத்தில் என்னைப் பிடித்தது. பழைய டீசல் காரில் நைனாவை, என் அப்பாவை, பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கரும்பு டிராக்டரைத் தாண்டப் போனேன். மிதித்த மிதிக்கு வண்டி முனகியதே தவிர நகரவில்லை. எதிரே பஸ். அந்த டிரைவர் மண்ணில் இறக்கிக் கொடுத்ததால் பிழைத்தோம். இடைவெளி ஒரு கார் நீளம்கூட இருக்காது. அதற்குப் பிறகு நான் ஓட்டுகிற வண்டியில் நைனா ஏறவே இல்லை. எங்கே கூப்பிட்டாலும், "நீ போம்மா, நான் பஸ்ல வரேன்" என்பார். நானும் அன்றிலிருந்து எந்த லாரியையும் தாண்டுவதில்லை. பத்து கிலோமீட்டர் ஆனாலும் அதன் புகையைக் குடித்தபடியே பின்னால் போவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயம்தான்.

இப்போது புது வண்டி வாங்க வேண்டும். வரதய்யபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. திருப்பதியிலிருந்து தினமும் இன்னும் நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு போகத் திட்டம். ஆடி பிறந்துவிட்டால் வீட்டில் வண்டி எடுக்க விடமாட்டார்கள், அதனால் திங்கட்கிழமைக்குள் எந்த கார் என்று சொல்லியாக வேண்டும். வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று, இரண்டும் எலக்ட்ரிக். என் மாமா மகன் தேவேந்திரன் திருப்பதியில் வாடகைக் கார் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளையையும் மதியத்துக்கு மேல் நீலத்தையும் கொண்டுவர ஏற்பாடு செய்தான்.

நாலு பெண்களுக்குப் பதிலாக மாங்காய் ஏற்றினோம். எங்கள் தோட்டத்துத் தோத்தாபுரி, கிரேட்டுக்கு இருபது கிலோ, மொத்தம் பதினொரு கிரேட். ஒவ்வொன்றையும் நைனாவின் தொங்கு தராசில் நானே நிறுத்தேன். இரண்டு வண்டிக்கும் ஒரே ரோடு, ஒரே அளவு சார்ஜ், ஒரே டயர் காற்று, ஏசி கிடையாது. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிற கை இது. விடுமா?

வெள்ளை வண்டி மிதித்த உடனே முதுகில் கை வைத்துத் தள்ளியது. அறுபதுக்கு மேல் கொஞ்சம் சோர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து போனில் நேரம் பார்த்த தேவேந்திரன் ஐந்து தடவையும் குறித்துக்கொண்டான். சராசரி 5.4 விநாடி. கிரேட்டுகளைப் புளியமரத்தடியில் இறக்கி, நைனாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, வண்டி மாற்றத் திருப்பதி போனோம்.

நீலத்தில் கிரேட்டுகளைத் தேவேந்திரனே ஏற்றினான். நீலம் முதலில் யோசித்தது, பிறகு விடாமல் இழுத்தது. சராசரி 5.2.

"நீலம்தான் சுமி, முட்ச்சிடு" என்றான் தேவேந்திரன். "பாயிண்ட் டூக்கு இன்னா பெரிய யோசனை?"

எண்பது வேகத்தில் பாயிண்ட் டூ என்றால் நாலரை மீட்டர். ஒரு கார் நீளம். அவனுக்கு என்ன தெரியும்.

இறக்கும்போது ஒரு கிரேட்டைத் தூக்கினேன். காலையில் இடுப்பைப் பிடித்தது, இப்போது சும்மா வந்தது. மேலே பரப்பியிருந்த வைக்கோலை விலக்கினால் கால்வாசி இல்லை. எல்லாவற்றிலும் அப்படித்தான். தராசை எடுத்து நிறுத்தேன். மொத்தம் நூற்று அறுபது கிலோ.

"நைனா, அறுபது கிலோ எங்க?"

நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். "ரோட்ல போறவங்க பாத்துக்கினு போறாங்க. குடுக்காம எப்டி குந்திக்கினு இருக்கறது?"

"யாருக்கு?"

"பஸ்ஸு கண்டக்டரு, ரயில்வே கேட்டுக்காரரு, வாத்தியாரம்மா... கண்டக்டரு 'ஏ தோட்டவய்யா'ன்னு கேட்டாரு. எந்தத் தோட்டத்துக் காய்னு. நம்ம தோட்டம்னு சொன்னேன். அப்புறம் வர்றவங்களுக்கு எல்லாம் நானே கூப்ட்டு குடுத்தேன்."

கத்த வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். முப்பது வருஷம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறித்த மனிதர். கீழே விழுந்த காயைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை. எங்கள் இரண்டு ஏக்கர் முழுசாகக் காய்த்தது இந்த வருஷம்தான். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் தராசை ஓரமாக வைத்தேன்.

ஆறு மணிக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். தோட்டத்துக்குப் போய்க் காய் கொண்டுவர நேரமில்லை. இருந்ததை நிரவி எட்டு கிரேட்டாக்கி ஏற்றிவிட்டு, ரோட்டோரம் கல் தேடினேன். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் அம்பத்தெட்டு கிலோ. போன மாசம் ஆஸ்பத்திரில பாத்தது" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"நான் குந்திக்கிறேன். என்னாலதான கொறஞ்சது?"

பின்சீட்டில் கிரேட்டுகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தார். மீதி இரண்டு கிலோவுக்கு ரோட்டோரக் கல்லைப் பையில் போட்டு அவர் மடியில் வைத்தேன். மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஐந்து தடவை ஓட்டினேன். சராசரி 5.4. இரண்டு வண்டியும் ஒன்றுதான்.

அப்போதும் அவர் இறங்கவில்லை. திரும்பும் வழியில் முன்னால் செங்கல் டிராக்டர் ஒன்று வந்து சேர்ந்தது. வழக்கம்போல அதன் பின்னாலேயே போனேன். தேவேந்திரன் என்னைப் பார்த்தான். ரோடு நேராக, வெகு தூரம் வெறிச்சென்று கிடந்தது.

பின்னாலிருந்து நைனா சொன்னார். "எதிர்ல ஒண்ணும் இல்ல. போம்மா."

மிதித்தேன். டிராக்டர் இடப்பக்கம் வழுக்கிப் பின்னால் போனது. மறுபடி எங்கள் பக்கத்துக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

"ஐயோ, டைம் பாக்கல" என்றான் தேவேந்திரன்.

"ஆறு" என்றார் நைனா.

"நீ எண்ணியா?"

"அன்னிக்கும் எண்ணேன். பதினொண்ணு."

திங்கட்கிழமை காலை போன் செய்து நீலத்தைச் சொன்னேன். வெள்ளைக்கும் அதற்கும் விநாடிக் கணக்கில் வித்தியாசமே இல்லையே, எதனால் இது என்று தேவேந்திரன் கேட்டான். நைனா ஏறியது அதில்தான் என்றேன்.