முழங்கை ஊன்றிய விலை

துணிக்கடைக்காரி வலது முழங்கையைக் கண்ணாடி மேசைமேல் அழுத்தி ஊன்றிவிட்டால், அதுதான் கடைசி விலை என்பது தெருவுக்கே தெரியும். இப்போது அந்தக் கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், கத்தரிக்கோல் பிடியில் நிற்கவில்லை.

“சர்க்கரைதான்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டான் புருஷன். அவள் பங்கு இனிப்பையும் தானே தின்று தீர்த்தான்.

டாக்டரம்மா பரிசோதித்ததில் சர்க்கரையும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. முழங்கையின் உள்பக்கம் லேசாகத் தட்டினார். சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடித்தது.

“நரம்பு இங்க எலும்பை ஒட்டியே போகுதும்மா. அதைத்தான் வருஷக்கணக்கா நசுக்கியிருக்கீங்க. இனிமே ஊனாதீங்க, விரல் வெளங்காமப் போயிடும்.”

“ஊனலேன்னா நான் சொல்ற விலையை எவன் நம்புவான் டாக்டர்?”

மறுநாள் தையல்காரன் வந்தான். அவள் விலை சொன்னாள்; முழங்கை மேசையைத் தொடவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

“அக்கா இன்னைக்கு இறங்கி வர்ற மாதிரி இருக்கே! இன்னும் கொஞ்சம் குறைங்க.”

அவள் எழுந்து, அவன் விரித்துப் பார்த்த துணியைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள்.

“கை என்னோடது, அதைக் காப்பாத்திக்கிறேன். விலையும் என்னோடதுதான் தம்பி. வேணும்னா சொல்லு, திரும்ப எடுக்கிறேன்.”

தையல்காரன் தலையைச் சொறிந்துகொண்டே அலமாரியைக் காட்டினான்.