இரவல் பேர்

"என் பேரைச் சொல்லி அந்தக் குழந்தையை ஒரே ஒரு தடவை கூப்பிடு. உனக்கு என்ன கேடு?" என்றார் அப்பா.

மூத்த மகள் பெரியவளிடம்தான் கேட்டார். ரொட்டி ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட் முடித்து, தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் நேரே வந்திருந்தாள். "அவசரம், உடனே வா" என்று தம்பி போன் பண்ணியதும் குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தவள். வந்து பார்த்தால் குழந்தை அதன் அம்மா மடியில் படுத்துக் கையைச் சப்பிக்கொண்டிருந்தது. பிறந்து பத்தொன்பது நாள். தம்பிக்கு இரண்டாவது பெண். அது பெண்ணாகப் பிறந்துவிட்டதுதான் அவசரம்.

அப்பாவின் ஏற்பாடு எளிமையானது. இந்தப் பெண்ணுக்கு ஆண்பிள்ளைப் பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிடக் கூப்பிட அடுத்தது பையனாக வந்து சேரும். வந்ததும் பெயரை அவனிடம் கொடுத்துவிடலாம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. துண்டுக்கு வருத்தம் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

இரும்பு கேட் செய்யும் பட்டறை வைத்திருப்பவர் அப்பா. அளவெடுத்து வெட்டிப் பற்றவைத்தால் உலகத்தில் எதுவும் பொருந்திவிடும் என்று நம்புகிறவர். "ஏற்கெனவே பலிச்ச விஷயம்தானே" என்றார். "இவளுக்கு எங்க தாத்தா பேரை வச்சோம். அடுத்தது தம்பி பொறந்தானா இல்லையா? ராசியான வாய். அதனாலதான் முதல்ல இவ கூப்பிடணும்கறேன்."

பலித்த விஷயத்தில் பாதியைத்தான் அவர் சொன்னார். மீதி பெரியவளுக்குத் தெரியும்.

ஏழு வயது வரை அந்தத் தாத்தா பெயர்தான் அவள் பெயர். பையன்கள் கேலி பண்ணினார்கள், மீசை எப்போது முளைக்கும் என்று கேட்டார்கள். அவள் அசரவில்லை. நோட்டு அட்டையில், பலகையில், குளியலறைச் சுவரில் என்று கண்ட இடத்திலெல்லாம் அதை எழுதி வைத்தாள். இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது தம்பி பிறந்தான். அடுத்த வாரமே அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் அவள் பெயரை அடிக்கச் சொன்னார். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் எப்படி இருப்பது? "வேற என்ன பேர் போடட்டும்?" என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டார். அப்பா அதை யோசித்துக்கொண்டு போகவில்லை. "ஏதாவது ஒண்ணு போடுங்க சார்" என்றார். எழுத்தர் தன் மச்சினி பெயரைப் போட்டார்.

மறுநாள் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து அந்த மச்சினியைக் கூப்பிட்டார். பெரியவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. மூன்றாவது தடவை காதைத் திருகி வெளியே நிறுத்தினார்கள். வீட்டிலும் அந்தப் புதுப் பெயரை யாரும் சொன்னதில்லை, பெரியவள் என்று கூப்பிட்டே பழகிவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில், சம்பளச் சீட்டில் பெயரைப் பார்க்கும்போது இன்றைக்கும் அவளுக்கு அடுத்தவள் சம்பளத்தை வாங்குகிற கூச்சம்தான்.

மேஜைமேல் பிறப்புப் பதிவுப் படிவம் கிடந்தது. பெயருக்கான கட்டம் ஒன்றுதான் காலி.

"இதுல என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் எழுத வேண்டாம். காலியா விட்டுக் குடுக்கலாம், பேரைப் பிறகு சேர்த்துக்கலாம்னு ஆபீஸ்லயே சொல்றாங்க. வீட்ல கூப்பிட்டாப் போதும். சொந்தப் பேரையே தூக்கிக் குடுக்கறேன். எந்தத் தாத்தாவுக்கு மனசு வரும்?"

பெரியவள் தம்பி மனைவியைப் பார்த்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்கப் பேசிப் பேசி வேலை பார்க்கிறவள், இந்தக் கூடத்துக்குள் வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். ஆஸ்பத்திரியில் வைத்து, "என்ன பேரு நினைச்சிருக்கே?" என்று பெரியவள் கேட்டபோது, "என்னை யாரு அண்ணி கேட்டாங்க?" என்று மட்டும் சொன்னாள். இப்போதும் குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பெரியவளுக்கு எரிந்தது. அவளுடைய அம்மாவும் ஒரு காலத்தில் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள்.

"சரிப்பா, கூப்பிடறேன்" என்றாள். "படிவத்துல எழுதிட்டுக் கூப்பிடறேன்."

"அதான் எழுத வேண்டாம்னு சொல்றேனே."

"நாளைக்குப் பையன் பொறந்தா அவனுக்கு வேற பேர் தேடிக்கோங்க. இது இவ பேரு. சாகற வரைக்கும் இவ பேரு. யாரும் புடுங்கக் கூடாது. சம்மதம்னா இப்பவே வாய் நிறையக் கூப்பிடறேன்."

அப்பா முகம் சுண்டிப் போயிற்று. "உனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்கா? ஒரு பொட்டப்புள்ள என் பேரை வச்சுக்கிட்டு ஆயுசு பூரா சுத்தறதா? கேக்கறவன் காறித் துப்ப மாட்டான்?"

"இப்பதான தூக்கிக் குடுக்கறேன்னீங்க."

"குடுக்கறதுன்னா அதுக்கா குடுக்கறேன்? வரப்போறவனுக்குக் குடுக்கறேன். அதுவரைக்கும் இது வச்சிருக்கட்டும்."

அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. பெண் குழந்தையை 'அது' என்று சொல்வதற்கும், இன்னும் கருவிலேயே வராத ஒருவனை 'அவன்' என்று சொல்வதற்கும் அந்த வீட்டில் யாருக்கும் நாக்குக் கூசியதில்லை.

தம்பி நடுவில் புகுந்தான். "அக்கா, விடேன். பெரியவங்க ஆசைப்படறாங்க. இதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"நீ பேசாதே. என் பேரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவன் நீ."

முப்பத்துநாலு வருஷத்தில் இதை யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

அப்பாவுக்குக் குரல் ஏறிவிட்டது. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அம்மாவை நோக்கிக் கையை நீட்டினார். "அவளைக் கேளு. கல்யாணமாகி நாப்பத்திமூணு வருஷம். ஒரு நாள், ஒரு தடவை என் பேரை வாய்விட்டுச் சொல்லியிருப்பாளா? எங்கயாவது புருஷன் பேரு கேட்டாக்கூட எழுதி வச்ச சீட்டைத்தான் நீட்டுவா. அப்படி மரியாதையா வச்சிருக்கற பேரு. அதை ஒரு பொண்ணுக்கு எழுதிக் குடுத்து, அவளை எவனோ வாடி போடின்னு கூப்பிட்டுச் சந்தி சிரிக்கணுமா?"

அம்மா கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தம்பி மனைவி எழுந்தாள். "கொஞ்சம் புடிங்க அத்தே" என்று குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். மேஜைக்குப் போய், கிடந்த பேனாவை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் மாமனாரின் பெயரை எழுதினாள். நிதானமாக, மருந்துப் பெயர் எழுதுகிற கவனத்தோடு எழுதினாள்.

"ஏய், என்ன பண்றே? டேய், அதைப் புடுங்குடா."

தம்பி எழுந்தான். மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு திரும்பவும் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க குடுத்ததுதானே மாமா" என்றாள் அவள். "இனி என்னால இன்னொண்ணு பெத்துக்க முடியாது. ரெண்டாவதும் ஆபரேஷன். போதும்னு டாக்டர் சொன்னாங்க, நானும் போதும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க பேரு வேணும்னா இவகிட்ட இருக்கட்டும். வரப்போறவன் யாரும் இல்ல."

அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். "ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும் அண்ணி. கூட வர்றீங்களா?"

பெரியவள் செருப்பில் கால் நுழைக்கும்போது அப்பா போட ஆரம்பித்த சத்தத்தில் குழந்தை வீரிட்டு அழுதது. குடும்பத்தை அழிக்க வந்தவள் என்றார், மானத்தை வாங்க வந்தவள் என்றார். மேஜையைக் கையால் அடித்தார். குழந்தை இன்னும் சத்தமாக அழுதது. அம்மா தோளில் போட்டுத் தட்டினாள். பாப்பா என்றாள், கண்ணு என்றாள். அழுகை நிற்கவில்லை.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்புறம் அந்தப் பெயரைச் சொன்னாள். முதல் தடவை பாதியில் தடுக்கியது. இரண்டாவது தடவை முழுசாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வந்தது.

பெயரைச் சொல்லி, "வாயை மூடுடி. எவ்வளவு நேரம்தான் கத்துவே?" என்றாள்.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன சொன்னே?"

"உங்களை இல்ல" என்றாள் அம்மா.