களிம்பு படாத கால்

பக்கிரி அண்ணன் என்னைக் கண்டதும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கால் கழுவ ஆரம்பித்தார். எனக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை.

சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி நான். கடலூர்ப் பக்கம் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில், கசடைக் காயப்போடும் தொட்டிகளில் என்னென்ன பூஞ்சை வாழ்கிறது என்பதுதான் என் ஆய்வு. முதல்முறை வந்தபோது தொட்டிக்குள் இறங்கி என் பாட்டில்களை நிரப்பித் தந்தவர் அவர்தான். அவர் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். எனக்கு மூளை பரபரத்தது. கசடில் இருப்பதுதான் இவர் காலிலும் இருக்கிறதா என்று பார்த்தால் ஓர் அத்தியாயமே தேறும். ஆனால் மருந்து பட்ட தோலிலிருந்து எடுத்தால் பூஞ்சை சரியாக வளராது. இரண்டு வாரத்தில் வந்து சுரண்டி எடுத்துக்கொள்கிறேன், அதுவரை களிம்பு எதையும் தடவ வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

திரும்பிப் போனதும் பேராசிரியர், மனிதத் தோல் என்றால் ஆயிரம் அனுமதி வாங்க வேண்டும், கசடே போதும் என்றார். எனக்கும் நிம்மதி. அத்தோடு அவர் காலையும் அவரிடம் சொன்னதையும் மறந்துபோனேன். சொல்லவே நா கூசுகிறது. ஆய்வகத்துத் தட்டுகளில் வளரும் பூஞ்சையை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் போய்ப் பார்த்தவள் நான்.

இப்போது அவர் துண்டால் துடைத்து, கவிழ்த்த வாளிமேல் காலைத் தூக்கி வைத்தார். தோல் ஊறி வெளுத்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பாதத்தின் ஓரம்வரை வெடித்திருந்தது.

“மூணு மாசமா ஒண்ணும் தடவலம்மா. வூட்ல சம்சாரம் கத்திக்கிட்டே கெடக்குது. படிச்ச பொண்ணு காரணமில்லாம சொல்லாதுன்னுட்டேன்.”

உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. கோழை நான். கசடுக்கென்று கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, கரண்டி முனையால் மெல்லச் சுரண்டினேன். வலித்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, பத்தாவிட்டால் அடுத்த காலிலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மூடியைத் திருகினேன். அவரைப் பார்க்காமலேயே, என் வேலை முடிந்தது, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிப் போடுங்கள் என்றேன்.

“அதெப்புடிம்மா? ரிசல்ட்டு வரட்டும். மறுபடி வந்து கேட்டீங்கன்னா?”

சொல்லிவிட்டு, ஈரம் காயாத பூட்ஸுக்குள் அந்தக் காலை மெதுவாகத் திணிக்கத் தொடங்கினார்.